மேலே பச்சை

நெப்ராஸ்காவில் மைனஸ் பதினெட்டு.
கண்ணாடிக் கூடத்துக்குள் முப்பது டிகிரி.
கோட்டு, கம்பளித் தொப்பி, இரண்டாவது காலுறை
எல்லாம் கழற்றிய பிறகுதான் வெள்ளை அங்கி.

நாற்பத்தொரு மரவள்ளிச் செடிகள்.
சூடேற்றியைப் பழுதுபார்க்க வந்த டேரல் கேட்டார்:
"இதிலிருந்தா டாப்பியோகா வருகிறது?"
அவர் ஊரில் சோளம், சோயா, மறுபடி சோளம்.

இந்த நோய்க்கு ஒரு நாசூக்கு உண்டு.
இலையில் பெரிதாக எதையும் காட்டாது.
தோண்டி, தோல் சீவி, குறுக்கே வெட்டினால்தான்
உள்ளே தவிட்டு நிறம், தக்கை மாதிரி.
லீராவில் அம்மா
என் இரண்டாம் பருவப் பள்ளிக் கட்டணத்தை
அப்படித்தான் வெட்டிப் பார்த்தாள்.

ஞாயிறுதோறும் அழைப்பு.
"எப்படி இருக்கிறாய், அமொங்கி?"
"நன்றாக."
திரையில் முகத்தை உற்றுப் பார்க்கிறாள்.
இலையை நம்புகிறவள் அல்ல.

திரும்பிப் போவாயா என்று
விசா அதிகாரி கேட்டார். "ஆம்" என்றேன்.
மூன்று நொடியில் முத்திரை.
முழுப் பதில் நீளமானது:
மின்சாரம் போனாலும் உருகாத ஓர் உறைபெட்டி,
என் பெயர் வேண்டாம், வெறும் எண் போட்ட ஒரு ரகம்,
கிழங்கில் கத்தி இறங்கும்போது
யாரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளாத ஒரு காலை.

இருபத்தேழாம் செடி.
வெள்ளை ஈக்களை விட்டேன், நோய்த்தண்டை ஒட்டினேன்.
ஜெல்லில் இந்த முறையும் கோடு விழவில்லை.
பேராசிரியரிடம் சொல்லவில்லை இன்னும்.
ஆய்வு முடிந்தால் எல்லாச் செடியையும்
நீராவியில் அவித்துக் கொல்ல வேண்டும், அனுமதிச் சீட்டில் இருக்கிறது.
அதற்குள் இன்னொரு தடவை.
வெளியே பனி.
குழாய்களில் எண் எழுதத் தொடங்குகிறேன்,
ஒன்றிலிருந்து.