பாதி ஜாதிக்காய்

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், தோட்டப்பாளையத்தில்,
எங்களுக்கு ஏழு அறைகள். நாள் வாடகை முந்நூறு.
எத்திராஜுலு சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்:
கடுகெண்ணெயில் மீன் பொரிக்கக் கூடாது.
பத்து மணிக்கு மேல் மோட்டார் போடக் கூடாது.
தமிழில் எழுதியதால் யாரும் படிப்பதில்லை.
மீன் பொரிகிறது.

ஐந்தாம் அறையில் மால்டாக்காரர்கள்
பதினொரு வாரம் இருந்தார்கள்.
ஜர்ணா, அவள் புருஷன், ஒற்றை பர்னர் அடுப்பு.
அவருக்குச் சிறுநீரகம். உப்பை எழுதி, அடித்திருந்தார்கள்.
உப்பில்லாத குழம்பை எதை வைத்து ஏமாற்றுவது
என்று அவள் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள்.
கடைசியில் லாங்கு பஜாரிலிருந்து
ஒரு ஜாதிக்காயோடு வந்தாள்.
கேரட் துருவியில் இரண்டே இழுப்பு.
மூடியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்,
ஏதோ திருடியதைப் போல.

எனக்குத் தெரிந்த ஜாதிக்காய்
பிள்ளைக்கு வயிறு உப்பினால்
உரைகல்லில் தாய்ப்பால் விட்டு மூன்று இழை.
அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.
அது சுரைக்காய்க்குள் இறங்கும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஒரு சாயங்காலம் ஸ்கேன் படத்தைக் கொண்டுவந்து
எங்கள் ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள்.
முப்பது வருஷம் ஆஸ்பத்திரி நிழலில் இருப்பவள்
கொஞ்சமாவது படிப்பாள் என்று நினைத்திருக்க வேண்டும்.
கறுப்பு. சாம்பல். நடுவில் வெளுப்பாய்க் கிளை பிரியும் ஏதோ.
'அச்சா' என்றேன்.
என் இந்தி அதோடு முடிந்தது.
சரி, பார்த்துவிட்டேன் என்று நான் சொன்னேன்.
நன்றாயிருக்கிறது என்று அவள் கேட்டாள் போல.
அன்றிரவு ஐந்தாம் அறையில் பாயசம் கொதித்தது.
எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் போய்விட்டார்கள்.
காட்பாடிக்கு ஆட்டோ வந்த சத்தம் கேட்டது.
நான் எழுந்திருக்கவில்லை.
மூன்று நாள் வாடகை பாக்கி.
ஜன்னல் மேடையில் மாத்திரை அட்டைக்குள்
மடித்து வைத்த பாதி ஜாதிக்காய்.
தேய்ந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
வெளிறிய மண்ணில் கறுத்த வரிகள், கிளை பிரிந்து,
கிளைக்குள் கிளை பிரிந்து.
ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடிக்காமல்
அஞ்சறைப் பெட்டியில் போட்டு மூடினேன்.

மார்கழியில் போன் கூவியது. தொள்ளாயிரம் ரூபாய்.
அனுப்பியவர்: எஸ். மண்டல்.
அவர் பெயர் சுபல். ஊரில் இருந்த மகன் பெயர் சுஜித்.
கூப்பிட்டுக் கேட்கலாம். எந்த மொழியில் கேட்பது?
நோட்டில் 'பாக்கி இல்லை' என்று எழுதினேன்.
எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மைதா இருந்தது. முட்டை மூன்று. சர்க்கரை கொஞ்சம் மட்டு.
மாடி கட்டியபோது மிஞ்சிய பாலாற்று மணலைச் சலித்து
குக்கருக்கு அடியில் கொட்டினேன்.
அந்த ஆறு எங்களுக்குத் தந்தது பெரும்பாலும் மணல்தான்.
கேஸ்கட் வேண்டாம், வெயிட் வேண்டாம்.
ஜாதிக்காயைத் துருவ ஆரம்பித்தேன்,
இரண்டு இழுப்பில் நிறுத்தத் தெரியவில்லை.
அது சுண்டைக்காய் அளவாகி, மிளகளவாகி,
கடைசியில் விரல்நுனித் தோலும் கொஞ்சம்
மாவில் விழுந்திருக்கும்.

'இன்னா வாசனை இது,
மருந்துக்கடை கணக்கா கீது' என்றார் எத்திராஜுலு.
என்றாலும் அடுப்பங்கரையை விட்டுப் போகவில்லை.

கேக் நடுவில் அமுங்கிவிட்டது. ஓரம் தீய்ந்திருந்தது.
அமுங்காத பக்கமாக ஒரு துண்டு வெட்டி
ஐந்தாம் அறைக்குக் கொடுத்தேன்.
இப்போது அங்கே திரிபுராக்காரர்,
தொண்டையில் கட்டு, கூட ஒரு தம்பி.
மெல்லக் கடித்தார். விழுங்க நேரம் பிடித்தது.
பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து
'அச்சா' என்றார்.

எந்த அச்சா என்று நான் கேட்கவில்லை.
தட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.