விட்டுப்போன படிகள்

கருங்கல் சந்தைக்குப் பின்னால்
கார் ஷெட்டில் நிற்கிறது என் இயந்திரம்.
அதிராமலிருக்கக் காலுக்கடியில்
நாலு மடிப்பு ரப்பர் ஷீட்.

பதினேழே போதும் மக்கா
என்றார் மோட்டார் விற்ற றசலையன்.
பிரிண்டருக்குப் போதும்.
அயினிப் பலகைக்கு?

'ஆரோக்கிய பவனம்' வெட்டினேன்.
'க்' வரை நேர்.
அப்புறம் ஒரு கணுவில் முட்டி
மோட்டார் உறுமிற்று,
சில படிகள் விட்டுப்போயின.
அனுப்பிய போர்டுக்கு அது தெரியாது.
எண்ணி எண்ணி அனுப்புவதோடு சரி,
போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதில்லை.
மீதிப் பெயரை
மூன்று மில்லிமீட்டர் தள்ளி
அத்தனை நம்பிக்கையோடு எழுதி முடித்தது.

இருபத்துமூன்று வாங்கினேன், இரண்டு.
டிரைவரின் குட்டி சுவிட்சுகளில்
மூன்று ஆம்பியர்.
உடம்பில் விரல் வைத்து
ஏழு எண்ணும்வரை தாங்கினால்
சூடு பரவாயில்லை.

மூன்றாவதுக்குக் காசில்லை.
மேலும் கீழும் போகிற அச்சில்
பழையதே கிடக்கிறது.
கரண்ட் இருக்கும்வரை பிடித்திருக்கும்.
போனால்
பிடிவிட்டு மெல்ல
மரத்தின்மேல் தலை சாய்க்கும்.

கோணிய பலகையைப்
பக்கத்து வீட்டு ஸ்டெல்லா கேட்டு வாங்கினாள்.
இப்போது ஆரோக்கிய பவனத்தில்
ஒன்பது கோழிகள்.