கட்டிங்

புதுவயலுக்கு மாற்றலாகி ஒன்பதாம் நாள்.
அரிசி மில் சந்து முடிகிற இடத்தில்
சரக்கு வாடையை முந்திக்கொண்டு
நெல் அவியும் வாடை.

பலகை கிடையாது. ஒரு தகரக் கதவு,
சுண்ணாம்பால் ‘பார்’,
பின்னாளில் யாரோ சேர்த்த அம்புக்குறி.

குனிந்து நுழைந்தேன்.
பேச்சு ஒரு நொடி நின்று
விட்ட இடத்தில் தொடங்கியது.
போன ஊரில் மூன்று நொடி நின்றது.
பரவாயில்லை.

காலியாய்க் கிடந்த நாற்காலியை இழுத்தேன்.
“அதுக்கு ஆளிருக்கு சார்,”
தண்ணிப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தபடி
சேவுகன் சொன்னான்.
“எப்ப வருவாரு?”
“செவ்வாக்கிழமை.”
அன்று வெள்ளி.

நின்றுகொண்டே குடிப்பவர்களுக்கென்று
சுவரில் ஒரு பலகை.
அங்கே புருவமெல்லாம் தவிடாக ஒருவர்,
பெயர் அடைக்கலம் என்று பிறகு தெரிந்தது.
“பாதிக் காசுதான் இருக்கு. கட்டிங் போடுவமா?”

ஒரு குவார்ட்டர், இரண்டு பிளாஸ்டிக் தம்ளர்.
முழங்கால் மடக்கி
கண்ணைத் தம்ளர் மட்டத்துக்கு இறக்கி
சொட்டுச் சொட்டாகச் சரிபார்த்து ஊற்றினார்.
மீட்டர் பார்க்க நான்கூட
அப்படிக் குனிந்ததில்லை.

“எடுங்க. ஊத்துனவன் கடைசி.”
குறைவாகத் தெரிந்ததை எடுத்தேன்.
“அதுலதான் சார் கூட,” என்று சிரித்தார்.

மாங்காய்க் கீற்றில் மிளகாய்த்தூளை உதறிவிட்டு,
பஸ் நேரம் கேட்பவர்போல,
“காலையில நம்ம வீட்டு ஃபியூஸப்
புடுங்குனது நீங்கதான?”

காலடியில் என் பை.
உள்ளே செய்தித்தாள் சுற்றிய பதினோரு பீங்கான் கட்டைகள்.
ஒன்று, சினிமாக்காரர்கள் படமெடுத்துவிட்டுப்
பில் கட்டாமல் போன பெரிய வீட்டுக்கு;
எத்தனை அறையென்று வாட்ச்மேனுக்கே தெரியாது.
ஒன்று இவருடையது.
பைக்குள் இரண்டும் ஒரே அளவு.

“வீட்ல மாவு ஆட்டி விக்கிறா.
கிரைண்டர் இழுத்துருச்சு.”
“திங்கக்கிழமை கட்டிட்டா மாட்டிருவேன்.”
“நாளைக்கி மாவு இல்ல, அவ்வளவுதான்,”
என்று குடித்தார்.
நானும் குடித்தேன். வேறென்ன செய்ய?
அந்தப் பாதிக் காசைப் பற்றிக் கேட்க
வாய்வரை வந்தது.
என் பாதியும் என் கையில்தானே இருந்தது.

அப்போது கரண்டு போனது.

மில் நின்றது. மின்விசிறி
கடைசிச் சுற்றை முனகிச் சுற்றியது.
பேச்சு நின்றது: ஒன்று, இரண்டு, மூன்று,
நான்கு.
ஒவ்வொரு செல்போனாக டார்ச் எரிய,
எல்லா வெளிச்சமும் என் மூஞ்சியில்.

“சேவுகா, வயர்மேன் சாருக்கு
ரெண்டு ஆஃபாயில் குடுரா.
போட்டுவிட்ருவாரு.”

கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள்.
“நான் இல்லீங்க, இது மெயின் லைன்,”
என்றேன். யார் கேட்டார்கள்.

முதுகுக்குப் பின்னால்
எதுவோ தரையில் தேய்ந்து வந்தது.
செவ்வாய்க்கிழமைக்காரர் நாற்காலி.
“உக்காருங்க சார்,” அடைக்கலம் குரல்,
“இருட்டுல யாரு பாக்கப்போறா.”

உட்கார்ந்தேன்.
ஒரு கால் உடைந்து கம்பி கட்டியிருக்கிறது.
எந்தப் பக்கம் சாயக்கூடாதென்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.