பெல்ட்

யாகப்பன் அண்ணன் படம் பிடிக்கும்போது
வலது கண் வியூஃபைண்டருக்குள் போய்விடும்.
இடது கண்ணை இறுக மூடிக்கொள்வார்.
அந்த மூடிய கண்ணின் வேலையை
நான் பார்க்க வேண்டும்.

ஒரு கையில் மைக்.
மறு கை அவர் இடுப்பு பெல்ட்டில்,
முதுகுத்தண்டு முடிகிற இடத்தில்.
ஒருமுறை இழுத்தால் நில்.
இருமுறை இழுத்தால் பின்னால் வா.
விடாமல் இழுத்தால்
எதையும் கேட்காமல் ஓடு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூச்சம்.
ஒத்தக்கடையில் சாலை மறியல் அன்று
கூட்டத்தில் எவனோ சொன்னான்,
"மாட்டப் பிடிச்ச மாதிரி பிடிச்சிருக்கு பாருடா அந்தப் பொண்ணு."
சிரிப்பு அடங்குவதற்குள் கல் வந்தது.
இழுத்தேன். நின்றார்.
அவர் நெற்றி போயிருக்க வேண்டிய இடத்தைக் கடந்து
டீக்கடை பாய்லரில் நங்கென்று பட்டது.
அதோடு கூச்சம் போயிற்று.

மேலூர் தாண்டி,
ஊர்ப் பெயர் இப்போது வேண்டாம்,
ஒரு மலை இருந்த இடத்துக்குப் போனோம்.
இப்போது அங்கே இருப்பது
அந்த மலையைக் கவிழ்த்துவைத்த அளவுக்குப் பள்ளம்.
அடியில் பச்சைத் தண்ணீர்.
சவரம் செய்த கன்னம் போல வழவழப்பாய்ச் சுவர்கள்.

சோணை காரைத் திருப்பி
ரோட்டைப் பார்க்க நிறுத்தினான்.
இன்ஜினை அணைக்கவில்லை.
எங்கே போனாலும் அப்படித்தான்.
அவன் கல்யாணத்துக்கே மண்டபத்து வாசலில்
அப்படித்தான் நிறுத்தினான் என்று அண்ணன் கேலி செய்வார்.

காலை ஆறரை.
"வெளிச்சம் நல்லாருக்கு" என்றார்.
அந்த வார்த்தைதான் எனக்குப் பயம்.
வெளிச்சம் நன்றாக இருந்தால்
அவருக்கு விளிம்பு தெரியாது.
இன்னும் ஓரடி, இன்னும் அரையடி.
பெல்ட்டின் தோல் என் விரல்களை அறுத்தது.
முன்னால் சாய்ந்த அவர் எடை முழுதும்
என் குதிகாலில் வந்து நின்றது.

டிப்பர் முன்னால். பின்னால் மூன்று பைக்.

விடாமல் இழுத்தேன்.
முதல்முறையாக அவர் கேட்கவில்லை.
"இதத்தான் எடுக்கணும், இரு"
நம்பர் பிளேட்டுக்கு ஃபோகஸ் வைத்தபடி சொன்னார்.
பக்கிள் பிய்ந்தது.
என் கையில் பெல்ட் மட்டும்.

பள்ளத்தில் விழவில்லை.
பக்கவாட்டில், உடைகற்களின் மேல்.
தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம்
மைக்கில் பதிவானது.
விழுந்த கிடையிலேயே கார்டைக் கழற்றி
என் பக்கம் தள்ளினார்.
அதை டிபன் பாக்ஸில் தக்காளி சாதத்துக்குள் புதைத்தேன்.
கேமராவை அவர்கள் காலால் தள்ளினார்கள்.
தண்ணீரைத் தொடும்வரை எண்ணினேன். நான்கு.
சோணை ரிவர்ஸில் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தான்,
கதவுகள் இரண்டும் திறந்தபடி.

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் இருக்கும்போது
சென்னையிலிருந்து போன்.
"கேமராவுக்கு இன்சூரன்ஸ் இருக்கு,
கவலைப்படாதீங்க."
கேமராவுக்காகத்தான் கவலைப்படுகிறேன் என்று
அவர் எப்படி முடிவு செய்தாரோ.

இரவுச் செய்தியில் நாற்பது வினாடி ஓடியது.
ஆடி ஆடி ஓடியது.
அதில் நான் "அண்ணே, அண்ணே" என்று கத்தியது
இல்லை.
எடிட்டிங்கில் எடுத்துவிட்டார்கள்.
சோணை டிரைவர் சீட்டில் இருந்து
மொபைலில் அதைப் பார்த்தான்.
சோற்று வாசம் இன்னும் போகவில்லை கார்டில்.

மறுநாள் டவுன்ஹால் ரோட்டில்
ஒரு தோல் கடை.
முப்பத்தெட்டு சைஸ், இரட்டைத் தையல், இரும்பு பக்கிள்.
"வீட்டுக்காரருக்காம்மா?"
"இல்ல."
"பேண்ட்டுக்கு இது போதும்மா, இருபது வருஷம் வரும்."
"பேண்ட்டுக்கும் இல்ல."

ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன்.
மறு முனையை என் கையில் சுற்றிக்கொண்டு
குதிகாலைப் படியில் ஊன்றினேன்.
"இழுங்க" என்றேன்.
தயங்கினார்.
"இன்னும்."