பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தவள்

படகு எங்கே போகிறதென்று எனக்குத் தெரியாது.
அது தேசிங்கின் பாடு.
அவனுக்கு முதுகைக் காட்டி,
எஞ்சினைத் தாண்டி, கயிற்றைத் தாண்டி,
கயிற்றின் நுனியில் தொங்கும் உயிரைப் பார்த்து
உட்கார்ந்திருக்கிறேன்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்,
கொடுத்தால்.

எண்ணூர் எனக்கு
கடந்துபோன பிறகுதான் வரும்.
முதலில் பாலத்தின் நிழல் உச்சியில் குளிரும்,
அப்புறம் பாலம்.
முதலில் கரிவாசனை,
அப்புறம் கரி போகிற பெல்ட்டு.
புகைபோக்கிகள் என்னைப் பார்த்தபடியே
சின்னதாகிக்கொண்டு போகும்.

போன வருசம் வரை நாற்பது குதிரை எஞ்சின்.
ட்யூபை இழுக்கும். கூச்சலை இழுக்கும்.
ஸ்கீ மாட்டி வந்தவரை
எழுப்பி நிறுத்தத் திராணியில்லை.
படகு மூக்கைத் தூக்கி முக்கும்,
பின்னால் ஆள் முகத்தாலேயே
ஆற்றை உழுதுகொண்டு வருவார்.

ஏலச்சீட்டு, என் இரண்டு வளையல்,
கொழுந்தன் மஸ்கட்டிலிருந்து அனுப்பியது.
நூற்றுப் பதினைந்து குதிரை, பெரிய படகு.
முதல் நாள் தேசிங்கு விசையைத் தள்ளினான்.
கயிறு கம்பியாய் விறைத்துச் சொட்டியது.
தண்ணீரிலிருந்து முளைத்தார்
மணலி ரேஷன் ஆபீசர் ஒருவர்,
தொப்பையோடு, கண்ணாடியோடு.
மூன்று நொடி நின்றார்.
கண்ணாடி அங்கேயேதான் கிடக்கிறது இன்னும்.
மீதிச் சில்லறை வேண்டாமென்று போனார்.

எல்லாரும் செய்கிற தப்பு ஒன்றுதான்,
கயிற்றைத் தன்பக்கம் இழுப்பது.
"இன்னாத்துக்கு இழுக்குற?
போட்டு இழுக்கும், நீ குந்து.
முட்டிய மடக்கு, கைய நேரா வெய்யி.
வுழுந்தா வாய மூடிக்கினு வுழு!"
தேசிங்கு கத்துவான்,
பாதியைக் காற்று தின்னும்.
மிச்சத்தை நான் கையால் சொல்வேன்.

கட்டைவிரல் மேலே, இன்னும் வேகம்.
கீழே, மெதுவாக.
விழுந்தவர் கை தூக்கினால் நலம்.
தூக்கும்வரை
நான் எண்ணிக்கொண்டிருப்பேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
ஒரு கல்லூரிப் பையனுக்கு ஒன்பது வரை போனேன்.
வந்து ஏறியவன்
"செம ஜாலிக்கா" என்றான்.
அறைந்திருப்பேன்.

கார்த்திகை வெள்ளத்தில்
எர்ணாவூர்த் தெருவுக்குள் இதே மஞ்சள் ட்யூப்,
இதே கயிறு.
எஞ்சின் இல்லை. நெஞ்சுத் தண்ணீரில்
தேசிங்கு நடந்து இழுத்தான்.
மேலே ஒன்பது மாச வயிற்றோடு ஒருத்தி,
மடியில் மிக்சி, கேஸ் புத்தகம்.
கைப்பிடியை அவள் பிடித்திருந்த பிடி
எனக்குப் பழகிய பிடிதான்.
பழக்க தோசம்,
கட்டைவிரலை உயர்த்திக் கேட்டுவிட்டேன்,
இன்னும் வேகமா என்று.
சிரித்துவிட்டாள்.
ட்யூப் குலுங்கியது.
தேசிங்கு திரும்பிப் பார்த்து
எங்கள் இரண்டு பேரையும் திட்டினான்.

வடிந்தபின் சோப்புப் போட்டுத் தேய்த்தோம்.
எண்ணெய்க் கோடு போகவில்லை.
டிசைன் என்று நினைக்கிறார்கள்
ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள்.

நேற்று சாயந்திரம் ஆளில்லை.
"நீ ஒரு தபா நில்லேன்" என்றான்.
"யார் பின்னால பாக்குறது?"
ஆட்டோக் கண்ணாடி ஒன்றைக்
கம்பியில் கட்டி வைத்திருந்தான்,
எப்போது வாங்கினானோ.

நைட்டிக்கு மேல் லைஃப் ஜாக்கெட்.
குந்தினேன். இழுக்கவில்லை. இழுபட்டேன்.
கால் கீழே தண்ணீர் கெட்டியானது,
தார் ரோடு போல.
பாலம் முதலில் வந்தது,
நிழல் அப்புறம்.
ஊர் எதிரே எதிரே பெரிதாகிக்கொண்டு வந்தது
நான் பிறந்த ஊர்தானா இது என்று
பார்க்கும்போதே விழுந்தேன்.

உப்பு. கரி. காது நிறைய அமைதி.
அண்ணாந்து மிதந்தேன்.
கை தூக்கவேண்டும் என்பதே நினைவில்லை.

படகு வட்டமடித்து வந்தது.
எஞ்சினை நிறுத்திவிட்டுக் குனிந்தான்.
அவன் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது,
பதினாலு, பதினஞ்சு.
என் மணிக்கட்டைப் பிடித்ததும் நின்றது.

"பெட்ரோல் இன்னா வெல தெரியுமா" என்றான்
கொஞ்ச நேரம் கழித்து.