மடைக்கு ஒரு சொல்

கடற்கரைச் சாலை ஓட்டலின் இரண்டாம் மாடி.
எட்டு நாடுகளின் கொடிகள் மேசைமேல்
சாண் உயரத்தில், காற்றில்லாமல்.
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்.
பிரெஞ்சில் வருவது தமிழில் போகவேண்டும்,
தமிழில் வருவது பிரெஞ்சில்.
நாளொன்றுக்கு ஒன்பதாயிரம், மதியச் சாப்பாடு தனி.

மானியம் மானியம் என்றே காலையிலிருந்து
வாய் உலர்ந்துவிட்டது.
உர மானியம், மின் மானியம், ஏற்றுமதி மானியம்,
விலையைக் கெடுக்கும் மானியம், கெடுக்காத மானியம்.
பச்சைப் பெட்டி, மஞ்சள் பெட்டி.
நீலப் பெட்டி என்றும் ஒன்று,
அதற்குள் என்ன என்று கேட்டவருக்கு
இன்னொரு பெட்டியைக் காட்டினார்கள்.
அந்தக் காலத்தில்
வரி நீக்கிக் கொடுத்த நிலத்துக்கு மானியம் என்று பெயர்.
வாங்கியவன் கோயிலுக்கு விளக்கெரிக்க வேண்டும்.
இந்த மேசையில் யாரும்
எதற்கும் எண்ணெய் ஊற்றுவதாகத் தெரியவில்லை.

மூன்றரை மணிக்கு, நிகழ்ச்சி நிரலில்
'களத்திலிருந்து ஒரு குரல்'.
குருவிநத்தம் கலிவரதன் வந்தார்.
புதுச் சட்டையில் கடை மடிப்பு கலையவில்லை.
ஒரு காணி பாகூர்க் கொம்யூனில்.
அறுபது சென்ட், வரப்புக்கு அந்தப்புறம்,
கடலூர் மாவட்டத்தில்.
"இந்தப் பக்கம் அறுத்த பொறவு பணம் போடுவான்,
அந்தப் பக்கம் நட்ட ஒடனே.
அங்க கொள்முதல் இருக்கு, இங்க இல்ல,
அதனால நெல்லு மட்டும் ராத்திரியில வரப்பு தாண்டும்.
ரெண்டு அடங்கல், ரெண்டு ஆபீசு.
ரெண்டுக்கும் டீ வாங்குறவன் நாந்தான்."

சிரித்தார்கள்,
என் குரல் போய்ச் சேர்ந்தபிறகு,
மூன்று நொடி தாமதமாக.

ஐந்தாம் கொடிக்குப் பின்னால் இருந்த அம்மையார் கேட்டார்.
மானியமெல்லாம் நின்றுபோனால்
என்ன செய்வீர்கள், என்றேன் தமிழில்.
அவர் கேட்டது அப்படியல்ல.
திருத்தினேன்:
நாங்கள் நிறுத்தினால்.

கலிவரதன் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.
"எட்டு பேரும் ஒரே நாள்ல நிறுத்துவீங்களா?"

கூண்டுக்குள் ஏசி ஓடும் சத்தம்
அப்போதுதான் எனக்குக் கேட்டது.

"ஏன் கேக்குறன்னா,
எனக்கும் மேக்கால கழனி செங்கேணிக்கும் ஒரே வாய்க்கா.
ஏரியில தண்ணி கம்மியான வருஷம்
ஆளுக்குப் பாதி மடை அடைக்கணும்னு பேச்சு.
அவன் அடைச்சா நான் அடைக்கிறேன்னு நானு.
நான் அடைச்சா அவன்னு அவன்.
விடிய விடிய மம்பட்டியோட
அவனவன் மடையில குந்திக்கினு இருந்தம்.
விடிஞ்சி பாத்தா வாய்க்கால்ல நத்தை ஊருது."

மடைக்கு அவர்கள் மொழியில் ஒரு சொல் இருந்தது.
சொன்னேன். அதில் சேறு இல்லை.
நத்தைக்கு இருந்த சொல்லைச் சொன்னதும்
ஒருவர் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

தலைவர் பேனாவை மூடினார்.
படிப்படியாக, என்றார்.
பத்தாண்டுக் காலத்தில்,
ஒவ்வொரு நாடும் தன் சூழலுக்கு ஏற்ப.
கலிவரதன் காதிலிருந்த கருவியைக் கழற்றி
உள்ளே யார் என்பதுபோல் திருப்பிப் பார்த்தார்.
நான்தான்.

தேநீர் இடைவேளையில் பயணப்படிப் படிவம்.
பெயர், ஊர், மாநிலம்.
மாநிலத்துக்கு ஒரே கட்டம்தானா, என்றார்.
பேருந்துக் கட்டணம்?
"பத்தொம்போது. டிக்கெட்டு எங்கியோ உழுந்துடுச்சி."
டிக்கெட் இல்லாமல் கொடுக்க விதியில்லை என்றான்
கழுத்தில் அட்டை தொங்கிய பையன்.
அவன் பின்னால் எட்டுக் கொடிகளையும்
பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்,
நாளைக்கு வேறு மண்டபமாம்.
பெட்டி பச்சையா மஞ்சளா என்று பார்த்தேன்.
மளிகைக்கடைப் பழுப்பு.

படியிறங்கும்போது கேட்டேன்,
செங்கேணி அப்புறம் அடைத்தாரா?

"எங்க.
அந்த வருஷம் ரெண்டு பேரும் உளுந்து போட்டம்."