மான் தின்ற கடிதம்

உப்புவெளி ஹோட்டலின் வரவேற்பு மேசையில்
நாள் முழுக்க அடுத்தவர் கார்டுகளை இழுக்கிறேன்.
மெஷின் சின்னதாய்க் கிக் என்று
தாள் துப்புகிறது.
வெள்ளைக்காரர் பார்க்காமலே கையெழுத்திடுகிறார்.
நானும் அப்படித்தான் போட்டேன், ஒரு காலம்.

பெரிதாய் எதுவும் வாங்கவில்லை.
சங்கிலியில்லை, காணியில்லை.
பால்மா. காஸ் சிலிண்டர். மகளின் பல்லுக் கம்பி.
யோகதாசின் கண் ஒப்பரேஷனில் பாதி.
அந்தப் பால்மா மூன்று வருசத்துக்கு முந்தியே
கோப்பையோடு கழுவுப்பட்டுப் போயிற்று;
விலை மட்டும்
இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு கார்டின் கடனை மற்றதால் கட்டினேன்,
கன்னியாவில் ஒரு கிணற்றின் சூடு தாங்காமல்
அடுத்ததில் வாளி விடுகிறவள் போல.
ஏழு கிணறு அங்கே. என்னிடம் மூன்று.
குளிர்ந்தது எதுவுமில்லை.

வங்கிக் கடிதங்கள் ஸ்கூட்டர் சீற்றுக்குக் கீழே,
மழைக்கோட்டின் மடிப்பில்
ஒன்றோடொன்று ஒட்டி ஊறிக் கிடந்தன.
வீட்டில் அரிசி வாளிகூடப் பாதுகாப்பில்லை,
வெள்ளிக்கிழமைகளில் அவர்தான் சமைப்பார்.

போன் வந்தால் கடற்கரைக்குப் போய் எடுப்பேன்.
"மேடம், எப்ப கட்டுவீங்க?"
அலை இரையுது, கேக்கேல்ல என்பேன்.
கடல் அப்போது
பாயைப் போலப் படுத்திருக்கும்.

மத்திய வீதியில், போன் கடைக்கு மேல்மாடி,
கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, டிலக்சன்.
"கவலைப்படாதீங்க அக்கா."
ஒன்பது தரம் சொன்னான். எண்ணினேன்.
பாதிக் கடன் பறந்துவிடும்,
வங்கியோடு தானே பேசுவான்,
முதலில் முப்பத்தையாயிரம் மட்டும்.
கட்டினேன். அதுவும் கார்டில்.
மறுமாதம் கதவில்
'வாடகைக்கு' என்று தமிழிலும் சிங்களத்திலும்.

இறுதி அறிவித்தல் வந்த நாள்
கோட்டை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி
உறையைப் பிரித்தேன். முதல் வரி தாண்டவில்லை.
பஸ் நிலையத்துச் சொப்பின் பைகளில் வளர்ந்த
ஒரு புள்ளிமான் பக்கவாட்டில் வந்து
தாளைப் பற்றி இழுத்து, மென்று,
என்னைப் பார்த்தபடியே விழுங்கியது.
வட்டி, தண்டம், சட்ட நடவடிக்கை,
மனேஜரின் கையெழுத்து, எல்லாம்.
சிரித்தேன்.
பிறகு மதிலில் சாய்ந்து மூக்கு வடிய அழுதேன்.

றமீஸாவைப் பற்றிச் சொன்னது
ஹோட்டலில் துணி வெளுக்கிற பெண்.
முந்தி வங்கியில்,
என்னைப் போன்றவர்களுக்குப் போன் எடுக்கிற
அதே பிரிவில் இருந்தவராம்.
சனிக்கிழமை. கிண்ணியாவில் சங்கக் கட்டடம்.
பிளாஸ்டிக் கதிரை, சுழலாத ஃபேன்.
எவ்வளவு தரணும் என்றேன்.
"முதல்ல கேட்டவனுக்குத்தான்
ஏற்கெனவே குடுத்திட்டீங்களே."

ஈர உறைகளைப் பிரித்து
கருவாடு பரப்புவதுபோல் மேசையில் காயவைத்தார்.
பாதியாகாது என்றார்.
வட்டியை நிறுத்துவார்களா? தெரியாது.
கடிதம் நீங்கள்தான் எழுதணும்,
நான் பக்கத்தில் இருப்பேன்.
ஆகாது, தெரியாது, நீங்கள்தான்.
எனக்கு அந்த இடத்தில்தான் நம்பிக்கை வந்தது.

"கவலைப்படத்தான் வேணும் புள்ள.
தாளில எழுதிக் கவலைப்படுங்க."

கடைசியாய்,
"வீட்டில ஆருக்குத் தெரியும்?"
"ஒரு மானுக்கு" என்றேன்.

அன்றிரவு யோகதாஸ்
உறைகளைத் திகதி வாரியாய் அடுக்கினார்.
வாய் திறக்கவில்லை.
பால்தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது.
பிறகு,
"மார்ச் மாசத்து ஒண்டு காணேல்லையே."
சொன்னேன்.
முதலில் அவர் தோள் குலுங்கியது.
சிரிப்பா, மற்றதா,
முகத்தைப் பார்க்க எனக்கு நேரம் எடுத்தது.

இன்று பத்தாம் திகதி. நான்காவது தவணை.
வங்கி வரிசையில் இரண்டு பேருமாய் நிற்கிறோம்.
இன்னும் முப்பத்தெட்டு இருக்கு.
வெளியே ஸ்கூட்டர் சீற்றில் வெயில்.
அதன் கீழே
மழைக்கோட்டு மட்டும்.